உப்புத்தண்ணி தாண்டாத தவளைங்க

மொரீஷியஸ்ல சொந்தத் தவளைன்னு ஒண்ணுகூட கிடையாது. இதை ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. என்னம்மா சொல்ற, மழைங்கற, அருவிங்கற, காடுங்கற, தவளை இல்லாமயா இருக்கும்னு எங்க சித்தப்பா, ஏதோ நான் புகுந்த ஊரை மட்டம் தட்டுற மாதிரி கோவிச்சுக்குறாரு. ஆனா உண்மை அதுதான். இந்தத் தீவுக்குன்னே உள்ள பிங்க் புறா இருக்கு, வல்லூறு இருக்கு, பச்சைக்கிளி இருக்கு, பகல்லயே சுத்துற பச்சைப் பல்லிங்க இருக்கு, சாயங்காலமானா மாமரத்துக்கு வந்து எறங்குற பெரிய பழந்தின்னி வௌவால் இருக்கு. இதெல்லாம் ஒண்ணு பறந்து வந்திருக்கணும், இல்லாட்டி மரக்கட்டையில ஒட்டிக்கிட்டு மிதந்து வந்திருக்கணும். தவளைக்கு ரெண்டுமே முடியல. அதோட தோல் தண்ணியை உறிஞ்சுற தோல், முட்டைக்கு ஓடு கிடையாது, உப்புத்தண்ணி பட்டா ரெண்டும் காலி. மடகாஸ்கர்ல இருந்து இங்க வர நடுவுல ஆயிரம் கிலோமீட்டர் போல கடல் இருக்கு, அதைத் தாண்டி ஒரு தவளைகூட தன்னால வந்து சேரல.

அப்ப ராத்திரியில கத்துறது என்ன? அதைத்தான் சொல்ல வர்றேன்.

எங்க மாமனார் தெற்குப் பக்கம் ஒரு கரும்பு எஸ்டேட்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. வீட்டுல எல்லாரும் பேசுறது பிரெஞ்சுல இருந்து பொறந்த கிரியோல் மொழிதான், ஆனா அவரு சின்ன வயசுல ஸ்கூல்ல தமிழ் படிச்சவரு, அதனால என்கிட்ட மட்டும் தமிழ்லதான் பேசணும்னு ஒரு வைராக்கியம், அந்தத் தமிழும் மேடைத்தமிழ் மாதிரி சுத்தமா இருக்கும், என் வத்திராயிருப்புத் தமிழைக் கேட்டுட்டு "அம்மா, நீ விழுங்கி விழுங்கிப் பேசுகிறாய்"ம்பாரு. ஒரு டிசம்பர்ல (இங்க வெயிலும் மழையும் சேர்ந்து வர்ற காலம் அது) ப்ளேன் ஷாம்பாஞ் ரோட்டுல, அலெக்ஸாண்ட்ரா அருவிக்குப் போற திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, காரை ஓரங்கட்டிட்டு லைட்டை எல்லாம் அணைச்சுட்டு நின்னோம். அது ப்ளாக் ரிவர் கோர்ஜஸ் நேஷனல் பார்க் நடுவுல போற ரோடு. 1994ல பார்க்கா அறிவிச்சாங்க, 6,500 ஹெக்டேருக்கு மேல இருக்கும், தீவுல மிச்சமிருக்குற பழைய காட்டுல பெரும்பகுதி அங்கதான். மிச்சம்னு சொல்றதுகூட தாராளம்தான், நல்ல நிலையில உள்ள சொந்தக் காடு மொத்தத் தீவுல ரெண்டு சதவீதம்கூட இல்ல, மீதி பூராவும் சீனக் கொய்யாவும் மடகாஸ்கர் விசிறி வாழையும் ஏறி மூடிருச்சு. இருட்டுல கண்ணு பழகுறதுக்கு முன்னாடியே காது பழகிடும். பள்ளத்துல தேங்கின தண்ணியில இருந்து குர்ர்ர்ர்னு ஒரு குறட்டை, அது முடியுறதுக்குள்ள இன்னொரு பக்கத்துல இருந்து குர்ர்ர்ர், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம மாத்தி மாத்தி, நடுவுல மூணாவதா ஒருத்தன் நுழைஞ்சு ரெண்டு பேரு தாளத்தையும் கெடுத்துடுவான். எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு. மாமா ரொம்ப சாதாரணமா, "இது க்ராப்போ. கப்பலில் வந்தது"ன்னாரு.

தேரைதான். கட்டரல் டோட்னு இங்கிலீஷ்ல சொல்லுவாங்க, ஆப்பிரிக்காக்காரன். 1922ல போர்ட் லூயி துறைமுகத்துல டாக் மேனேஜரா இருந்த காப்ரியேல் ரேன்யார்ங்கறவரு தென்னாப்பிரிக்காவுல இருந்து வரவழைச்சு விட்டது. காரணம் கரும்பு. கரும்பு வேரைத் தின்னுற ஒரு வெள்ளைப் புழு, இங்க மூத்துக்ம்பாங்க, அது வளர்ந்து வண்டாகும், அந்த வண்டை இது புடிச்சுத் தின்னுடும்னு நம்பிக்கை. புழு இருக்குறது மண்ணுக்குள்ள, தேரை உக்காந்திருக்குறது மண்ணு மேல, இதை யாரும் அவருகிட்ட சொல்லலியா என்னன்னு தெரியல. மாமா எஸ்டேட்ல இருந்த காலத்துலயும் மூத்துக் இருந்துச்சாம், தேரையும் இருந்துச்சாம், ரெண்டும் அதது வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சாம். 1927ல பக்கத்துத் தீவு ரீயூனியனுக்கும் கொண்டு போய் விட்டாங்க, அங்கயும் இப்ப மூலைமுடுக்கெல்லாம் அதுதான்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஒண்ணு. 2020ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஊர்ல இருக்குற அதே தேரையையும் இங்க இருக்குறதையும் அளந்து பார்த்திருக்காங்க. மொரீஷியஸ் பெண் தேரை டர்பன் தேரையைவிட ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சின்னதாயிருச்சாம். நூறு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள! தீவுல மாட்டிக்கிட்ட யானை குள்ளமாகுறது எல்லாம் லட்சக்கணக்குல வருஷம் புடிக்கிற சமாச்சாரம்னுதான் படிச்சிருக்கேன். இது எங்க மாமாவோட தாத்தா காலத்துல வந்து மாமா காலத்துக்குள்ள சுருங்கிருச்சு. இதை அவருகிட்ட சொன்னப்ப, சோறு சரியில்லை போலன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு.

இன்னொரு தவளையும் உண்டு இங்க, மூக்கு கூரா, முதுகுல கோடு போட்டு, தொட்டா ரெண்டு மீட்டர் தாவி ஓடுற ஜாதி. 1841ல அதுக்கு அறிவியல் பேரு வச்சப்ப மஸ்கரீன் தீவுங்க (மொரீஷியஸ், ரீயூனியன் எல்லாம் சேர்ந்த கூட்டம்) பேரையே வச்சுட்டாங்க, ஆனா அதுவும் மடகாஸ்கர்ல இருந்து மனுஷன் மூலமா வந்ததுதான். பேருலயே நம்ம அட்ரஸ் இருக்கு, ரேஷன் கார்டு மட்டும் வேற ஊரு.

தீவுல தவளை இல்லங்கறதை ரொம்ப முன்னாடியே எழுதி வச்சது போரி த சேன் வான்சான்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. 1801ல இந்தப் பக்கம் வந்து மொரீஷியஸ், ரீயூனியன் மலையெல்லாம் ஏறி இறங்கினவரு. பெருங்கடலுக்கு நடுவுல இருக்குற தீவுங்கள்ல எங்கயுமே தவளை இனம் கண்டதில்லன்னு அவரு சொன்னதை டார்வின் புடிச்சுக்கிட்டாரு. டார்வினும் 1836 ஏப்ரல் கடைசியில போர்ட் லூயில வந்து இறங்கி மே மாசம் கொஞ்ச நாள் வரைக்கும் இருந்திருக்காரு. 1859ல வந்த அவரோட அந்தப் பெரிய புத்தகத்துல இதை ஒரு வாதமாவே வைக்கிறாரு, கடவுள்தான் ஒவ்வொரு இடத்துக்கும் தோதா உயிருங்களைப் படைச்சு வச்சாருன்னா, தவளைக்கு இவ்ளோ தோதான தீவுங்கள்ல ஏன் தவளையைப் படைக்காம விட்டாரு, அதுவும் மனுஷன் கொண்டு வந்து விட்ட இடத்துல எல்லாம் தொல்லை ஆகுற அளவுக்குப் பெருகுதேன்னு. அப்படிப் பெருகின இடங்கள் லிஸ்ட்ல மொரீஷியஸ் பேரும் இருக்கு. 1922 தேரைக்கு ரொம்ப முன்னாடியே இங்க அந்தக் கூர்மூக்குத் தவளை கத்திக்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம்.

சரி, இந்தக் கதையில கொஞ்சம் நிலத்தையும் சொல்லணும், இல்லன்னா அடுத்தது புரியாது. மொரீஷியஸ் கடலுக்கு அடியில இருந்து எரிமலை கக்கி எழுந்த தீவு, வயசு ஒரு 80, 90 லட்சம் வருஷம். ரீயூனியன் அதைவிட ரொம்பச் சின்னப் பையன், அங்க பித்தோன் த லா ஃபூர்னேஸ்ங்கற எரிமலை இன்னும் கக்கிக்கிட்டே இருக்கு. அடியில இருக்குற அதே அடுப்புதான் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி நம்ம தக்காணத்துல, மகாராஷ்டிராப் பக்கம், படிப்படியா கருங்கல் மலையா உறைஞ்சு கிடக்குற எரிமலைக் குழம்பைக் கொட்டினது. இந்தியா மேல வடக்க நகர நகர அந்த அடுப்பு ஒண்ணொண்ணா போட்டுட்டுப் போன புள்ளிங்கதான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ், ரீயூனியன். 2017ல மொரீஷியஸ் பாறைக்குள்ள 300 கோடி வருஷப் பழசான சிர்க்கான்ங்கற கனிமத் துகள் கிடைச்சு, எரிமலைக்கு அடியில ஒரு பழைய கண்டத்துண்டு புதைஞ்சு கிடக்குன்னு சொல்றாங்க, ஆனா அது கடலுக்கடியில முழுகிக் கிடக்குற சமாச்சாரம், அதுல தவளை எங்க உக்காரும்.

இதே கடல்ல வடக்க இருக்குற செஷெல்ஸ் தீவுங்க அப்படி இல்ல. அங்க மாஹே தீவுல காலை வச்சா மிதிக்கிறதே கிரானைட், 75 கோடி வருஷம் பழசு. இந்தியா, மடகாஸ்கர், செஷெல்ஸ் மூணும் ஒரே கல்லா இருந்து, முதல்ல மடகாஸ்கர் கழண்டு, அப்புறம் இந்தியாவும் செஷெல்ஸும் சேர்ந்தே கொஞ்ச தூரம் வந்து, தக்காணத்துல எரிமலை கக்குன காலத்துலதான் ரெண்டும் பிரிஞ்சுது. இந்தியா போய் ஆசியாவை முட்டி இமயமலையை எழுப்புச்சு. செஷெல்ஸ் நடுக்கடல்ல நின்னுருச்சு. நின்னப்ப அது மேல தவளை இருந்துச்சு. அந்தத் தவளை இன்னும் இருக்கு. இதைப் படிச்ச நாள்ல இருந்து அதை ஒருவாட்டி காதால கேட்டுடணும்னு எனக்கு அரிப்பு, வீட்டுக்காரர்கிட்ட பீச் பீச்னு சொல்லி டிக்கெட் போட வச்சேன்.

செஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவுல இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தா பாதிக் கடை தமிழாளுங்கதான். நவசக்தி விநாயகர் கோயில்ல கும்பிட்டுட்டு வெளிய வந்து, பக்கத்துல ஒரு கடையில குடை வாங்குறப்ப, கடைக்காரரு மாயவரம் பக்கத்து ஆளு, எங்க கிளம்பிட்டீங்கன்னாரு. தவளை பாக்கன்னேன். என்னை ஒரு பார்வை, எங்க வீட்டுக்காரரை ஒரு பார்வை. "அக்கா, கோகோ த மேர்னு அந்த ரெட்டைத் தேங்காய் பாக்க வருவாங்க, ஆமை பாக்க வருவாங்க, தவளை பாக்கறதுக்கு நம்ம ஊரு வாய்க்கால் போதாதா?" எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரமா தேடிக்கிட்டு இருந்த கூட்டாளி கிடைச்ச மாதிரி அவருகிட்ட கை குடுத்தாரு.

மோர்ன் ப்ளான் மலை ஏறுற பாதை தேயிலை ஃபேக்டரிக்குக் கிட்ட ஆரம்பிக்குது. உச்சி 667 மீட்டர், கேக்க சின்னதா இருக்கும், ஆனா பாதை முழுக்க வேரும் வழுக்குப் பாறையுமா செங்குத்தா போகும், அன்னைக்கு மழை வேற தூறிக்கிட்டே இருந்துச்சு. கூட வந்த வழிகாட்டி செஷெல்ஸ் கிரியோல் பேசுறவரு, எங்க வீட்டுக்காரர் மொரீஷியஸ் கிரியோல், ரெண்டும் தொண்ணூறு சதவீதம் ஒட்டும்ங்கறதால ரெண்டு பேரும் மீன் விலை, பெட்ரோல் விலைன்னு பேசிக்கிட்டே ஏறுறாங்க. கீழ்ப்பாதி காடு பூரா லவங்கப்பட்டை மரம், அதுவும் மனுஷன் கொண்டு வந்து விட்டதுதான், இலையைக் கிள்ளினா பிரியாணி வாசம் அடிக்கும். மேல போகப் போக மரம் குட்டையாகி, கிளையெல்லாம் பாசி தொங்கி, மேகம் வந்து முகத்துல அப்பிக்குது. அங்க வழிகாட்டி கையைத் தூக்கி நிறுத்துனாரு.

முதல்ல ஒண்ணும் கேக்கல எனக்கு. இலையில இருந்து சொட்டுற தண்ணி, எங்க வீட்டுக்காரர் மூச்சு வாங்குற சத்தம், அவ்ளோதான். அப்புறம் "ட்டீ". ஒரே ஒரு தடவை, ஊசி குத்துன மாதிரி மெல்லிசா. பூச்சின்னு நெனச்சு விட்டுடுற சத்தம். திரும்ப வேற பக்கத்துல "ட்டீ". பட்டப்பகல்ல, பதினோரு மணிக்கு. நம்ம ஊர்ல தவளைன்னா ராத்திரி, குளம், கூட்டம். இங்க குளமே இல்ல, தேங்கின தண்ணிகூட இல்ல, செங்குத்துச் சரிவுல நனைஞ்ச சருகுதான். கார்டினர் தவளைன்னு பேரு, இதுக்குத் தண்ணியே வேண்டாம். சருகுக்கு அடியில முட்டை போடும், அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கும், வாலு வச்ச தலைப்பிரட்டைங்கற பருவமே வெளிய கிடையாது, முட்டைக்குள்ளயே எல்லா வேஷத்தையும் முடிச்சுட்டு நேரா தவளைக்குட்டியா வெளிய வருது. அதோட சொந்தக்காரன் இன்னொருத்தன் இருக்கான் அதே காட்டுல, செஷெல்ஸ் தவளைன்னே பேரு, அவன் குட்டிங்களை அம்மா முதுகுல ஏத்திக்கிட்டுத் திரியும். அவன் குரலும் அன்னைக்குக் கேட்டுச்சு, "வ்ர்ராக்"னு ஒரு இழுப்பு, பின்னாலயே "டொக் டொக் டொக்"னு. வழிகாட்டி வாயாலயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுனாரு, அதுக்கு ஒரு தவளை பதிலும் சொல்லுச்சு, அதுக்கு அவரு பெருமையா எங்களைத் திரும்பிப் பார்த்தாரு.

கேட்டது ஈஸி, பாக்குறதுதான் பாடு. கார்டினர் தவளை வளர்ந்து ஆளானாலும் ஒரு சென்டிமீட்டர் சுமார்தான். என் சுண்டுவிரல் நகத்துல உக்கார வைக்கலாம். நிறம் சருகு நிறம். சத்தம் வர்ற இடத்துக்குக் கிட்டப் போனா நிறுத்திடும், தள்ளி நின்னா இடமே புரியாது, அவ்ளோ ஒசந்த ஒலி எந்தத் திசையில இருந்து வருதுன்னு மனுஷக் காதுக்குப் புடிபடுறது கஷ்டம். நான் ஈரச் சருகுல முட்டி போட்டு, மூக்கு தரையில தொடுற அளவுக்குக் குனிஞ்சு, சும்மா பாத்துக்கிட்டே இருந்தேன். கால்ல எறும்பு ஏறுது, முதுகுல தண்ணி ஓடுது. வழிகாட்டி அலுங்காம ஒரு இலையை விரல்ல தூக்குனாரு, ஒண்ணுமில்ல, இன்னொண்ணு, ஒண்ணுமில்ல. கடைசியில இலையைத் தூக்காமயே பார்த்தேன் நான், பனை மட்டையோட அடிக் குழிவுல ஒரு துண்டு சருகு மூச்சு விட்டுச்சு. உத்துப் பார்த்தா கண்ணு இருக்கு. கரு கருன்னு ரெண்டு கடுகு. தொண்டை படபடன்னு அடிச்சுக்குது. ஒரு தாவு, ஒரு அஞ்சு விரக்கடை, அவ்ளோதான் போச்சு. போட்டோ எடுக்கலயான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. எடுத்தேன், மட்டை மட்டும் ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு.

அதுக்குக் காதும் கிடையாதுங்கறது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. மத்த தவளைங்களுக்குக் கண்ணுக்குப் பின்னாடி வட்டமா செவிப்பறை தெரியுமே, அது இதுக்கு இல்ல, உள்ள நடுச்செவியும் இல்ல. அப்ப இந்த ட்டீ எல்லாம் யாருக்கு? செவிட்டுத் தவளைங்க சும்மா கத்திக்கிட்டு இருக்காங்கன்னுகூட ஒரு காலத்துல சந்தேகப்பட்டிருக்காங்க. 2013ல வந்த ஒரு ஆராய்ச்சியில, காட்டுக்குள்ளயே ஸ்பீக்கர் வச்சு பதிவு பண்ண குரலைப் போட்டுப் பார்த்தா ஆண் தவளைங்க பதில் சொல்லியிருக்கு, ஆக கேக்குது. அப்புறம் பிரான்ஸ்ல கிரெனோபிள்ல இருக்குற பெரிய எக்ஸ்ரே மெஷின்ல வச்சு உடம்பு பூரா படம் புடிச்சுப் பார்த்தா, வாய்தான் காது. அதோட வாய்க்குழி, அது கத்துற அதே சுருதிக்கு, நொடிக்கு 5,700 அதிர்வு சுமாருக்கு, தானா அதிருது, அங்கிருந்து மெல்லிசுத் திசு வழியா நேரா உள்செவிக்குப் போயிடுது. நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தாங்க, கிளாஸ்ல பேசினா டீச்சர் அதைத்தான் சொல்லுவாங்க. இங்க ஒருத்தன் வாயாலதான் கேக்குறான், வாய் இல்லன்னா சொந்தக்காரன் கூப்பிடுறதுகூட தெரியாது. எங்க டீச்சருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டேன், ஒரு கும்பிடு மட்டும் வந்துச்சு.

இப்பதான் எனக்கு முக்கியமான இடம். இந்த செஷெல்ஸ் தவளைக் குடும்பத்துக்கு, இருக்குற உலகத்துலயே ரொம்ப நெருங்குன சொந்தக்காரன் யாருன்னா, பக்கத்துல இருக்குற மடகாஸ்கர்லயும் இல்ல, ஆப்பிரிக்காவுலயும் இல்ல. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கான். ஊதாத் தவளை. உப்புன உடம்பு, பன்னி மூக்கு, வருஷம் பூரா மண்ணுக்கடியில கறையானைத் தின்னுட்டுக் கிடந்து மழை சமயத்துல சில நாள் மட்டும் ஜோடி சேர வெளிய வர்ற ஜென்மம். 2003ல இடுக்கிப் பக்கத்துல இருந்து பிஜு, போஸூய்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இதை உலகத்துக்குச் சொன்னப்ப ஒரு புதுக் குடும்பமே ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு கிளையும் பிரிஞ்சது 13 கோடி வருஷத்துக்கு முன்னாடின்னு அப்ப கணக்கு போட்டாங்க, பின்னால வந்த கணக்குங்க அதைக் குறைச்சிருக்கு, எப்படிப் பார்த்தாலும் ஒரே நிலமா இருந்த காலத்துச் சொந்தம். 2017ல இதுல ரெண்டாவது இனம் ஒண்ணு கண்டுபிடிச்சு அறிவிச்சாங்க, எங்கன்னு நெனைக்கிறீங்க? ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில! எங்க வீட்டு மொட்டைமாடியில இருந்து பார்த்தா தெரியுற மலை, பிளவக்கல் அணைக்குப் பின்னால நிக்கிற மலை, சாம்பல் அணில் சரணாலயம்னு இருந்து 2021ல புலிகள் காப்பகத்தோட சேர்ந்துருச்சே அதுதான். பேரு நாசிகாபட்ராகஸ் பூபதி, அகஸ்தியமலையில ஆராய்ச்சிக்குப் போன இடத்துல 2014ல இறந்துபோன விஞ்ஞானி சுப்ரமணியம் பூபதி ஞாபகமா வச்சது. கேரளத்துக்காரன் தென்மேற்குப் பருவமழைக்கு வெளிய வர்றான்னா, நம்மாளு கிழக்குச் சரிவுல இருக்குறதால வடகிழக்குக்குத்தான் வருவான், ஐப்பசி கார்த்திகை. அதோட தலைப்பிரட்டைங்க ஓடுற ஓடையில பாறையை வாயால உறிஞ்சிப் புடிச்சுக்கிட்டுத் தொங்கும்.

நான் அந்த மலையடிவாரத்துல பொறந்து வளர்ந்து, அங்க தெரியாத ஒரு சொந்தத்தைக் கடல் தாண்டி வந்து மோர்ன் ப்ளான்ல முட்டி போட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னு மாமாகிட்ட சொன்னேன். அவரு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு வேற ஒண்ணு கேட்டாரு. "அந்தத் தவளை வரவில்லை, நிலம்தான் நகர்ந்தது. சரி. இங்கே இருக்கும் க்ராப்போ கப்பலில் வந்தது. நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் அதை வெளியூர்க்காரன் என்றுதான் சொல்வாயா?" கேள்வி தேரையைப் பத்தினது இல்லன்னு எனக்குத் தெரியும். லாபூர்தொனே இங்க பிரெஞ்சு கவர்னரா இருந்தப்ப, 1730கள்ல, பாண்டிச்சேரியில இருந்து கொத்தனாரும் தச்சரும் இங்க வந்த நாள்ல இருந்து ஆரம்பிக்கிற கணக்கு அது. நோட்டுல தமிழெழுத்து இருக்கு, தைப்பூசத்துக்கு நாடே லீவு, ஆனாலும் நீங்க எந்த ஊருன்னு கேக்குறவங்க இன்னமும் கேக்குறாங்க. நான் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன், மாமா, மனுஷன் வந்தா கோயில் கட்டுவான், கரும்பு வெட்டுவான், பக்கத்து வீட்டுக்காரனோட சண்டை போட்டு அப்புறம் சம்பந்தம் பண்ணிக்குவான். தேரைக்கு அந்தப் பேச்சு இல்ல, அது முன்னால நகர்றதை எல்லாம் தின்னும். இங்க தேரை வயித்தைத் திறந்து பார்த்தவங்க அதுல இந்தத் தீவைத் தவிர வேறெங்கயும் இல்லாத நத்தைங்களையும் பார்த்திருக்காங்க. அந்த நத்தைக்குத் தேரைன்னா என்னன்னே தெரியாது, லட்சக்கணக்கான வருஷம் தவளையில்லாத காட்டுலயே இருந்த ஜாதி. மாமா தலையை ஆட்டுனாரு, ஒத்துக்கிட்டாரான்னு சொல்லத் தெரியல. அத்தை மட்டும் உள்ள இருந்து, எது வந்தா என்ன, என் துளசிச் செடித் தொட்டியில ஒண்ணு குடியிருக்கு, அதை யாரும் தொடக்கூடாதுன்னு கிரியோல்ல கத்துனாங்க.

எனக்கு இதுல உள்ளபடியே பயம் தர்றது வேற. 2014ல மடகாஸ்கர்ல தொவாமசினா துறைமுகத்துக்கிட்ட ஆசியத் தேரையைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம ஊர்ல பாத்ரூம் ஓரத்துல, தண்ணித் தொட்டிக்கு அடியில உக்காந்திருக்குமே, அதே இனம். யாரும் கொண்டு வந்து விடல, கன்டெய்னர்ல சரக்கோட சரக்கா வந்திருக்கும்ங்கறாங்க. மடகாஸ்கர்னா முன்னூத்துக்கும் மேல தவளை இனம் உள்ள நாடு, அதுல ஒண்ணு ரெண்டைத் தவிர மத்ததெல்லாம் வேற எங்கயும் இல்லாதது. தேரைத் தோல்ல விஷம் வேற, அதைத் தின்னு பழகாத பாம்பும் மத்த பிராணியும் தின்னா செத்துப்போகும். பெருங்கடல் இத்தனை கோடி வருஷமா சல்லடை போட்டு நிறுத்தி வச்சதை ஒரு கன்டெய்னர் ஒரு வாரத்துல தாண்ட வச்சிடுது. நியாயமா சொல்லணும்னா கடலும் ஒண்ணு ரெண்டை விட்டிருக்கு, கொமோரோப் பக்கத்துல மயோத்னு ஒரு தீவு, எரிமலைத் தீவுதான், அங்க மடகாஸ்கர் ஜாதியில ரெண்டு இனம் தன்னாலயே போய்ச் சேர்ந்திருக்கு, புயல்ல மரத்தோட அடிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். செஷெல்ஸ்ல இருக்குற பச்சை மரத்தவளையும் அப்படிக் கடல் தாண்டி வந்ததுதான்னு சொல்றாங்க. ஆனா அதெல்லாம் கோடியில ஒண்ணு.

போறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்துல போங்க, வெயிலடிக்கிற நாள்ல மோர்ன் ப்ளான் ஏறினா சத்தம் கம்மியாத்தான் இருக்கும். கையால எதையும் தூக்காதீங்க, மனுஷன் கையில உள்ள உப்பும் கொசுத்தைலமும் அந்தத் தோலுக்கு ஆகாது. அதைவிட முக்கியம் ஷூ. உலகம் பூரா தவளைங்களைக் கொன்னுக்கிட்டு இருக்குற ஒரு பூஞ்சை இருக்கு, கைட்ரிட்ம்பாங்க, சேத்தோட ஒட்டிக்கிட்டுப் போகும். செஷெல்ஸ்ல தேடிப் பார்த்து 2015ல எழுதுனவங்களுக்கு அது அங்க கிடைக்கல. அது அங்க போகாம இருக்கணும்னா போற ஆளுங்க ஒழுங்கா இருக்கணும். நாங்க போறதுக்கு முன்னாடி ரோஸ் ஹில் வீட்டுக் கொல்லையில ஷூவை ப்ரஷ் வச்சுத் தேய்ச்சு ப்ளீச் தண்ணியில ஊறவச்சு காயவச்சுத்தான் எடுத்துட்டுப் போனோம், எங்க வீட்டுக்காரர் ஷூ கலர் போயிருச்சுன்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு. வர்ற கார்த்திகைக்கு ஊருக்குப் போறேன். அந்த ஊதாத் தவளை இருக்குற ஓடைப் பக்கம் போக முடியுமான்னு தம்பி வனத்துறை ஆபீஸ்ல கேட்டு மனு குடுத்து வச்சிருக்கான், புலிகள் காப்பகம்ங்கறதால லேசுல விட மாட்டாங்களாம். கிடைச்சா தலைப்பிரட்டையாவது பாறையில தொங்குறதைப் பார்த்துட்டு வருவேன். பழைய ஷூவை இங்கயே வச்சுட்டு அங்க போய் புதுசு வாங்கிக்கப் போறேன்.